முகவரியும் முதற்பாடமும்: ஊவாத் தோட்டங்களும் தொலைக்கல்வியும்

தொலைக்கல்வியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தூரம் ஒன்றையே அதன் தடையாகக் கொள்வர். பல்கலைக்கழகம் ஓரிடத்தும் மாணவர் வேறோரிடத்தும் இருக்க, அஞ்சலோ வானொலியோ இணையமோ இடைநின்று இருசாராரையும் தொடர்புபடுத்திவிடின் கல்வி நிகழ்ந்துவிடும் என்பது அவர்தம் துணிபு. ஊவா மாகாணத்துப் பெருந்தோட்ட மக்களின் கல்வி வரலாற்றை நோக்குமிடத்து இத்துணிபு எத்துணைக் குறைபாடுடையது என்பது புலனாகும். கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிலேயே பதுளையை வந்தடைந்துவிட்டது. தேயிலைப் பெட்டிகள் அதிலேறி உலகெங்கும் சென்றன. ஆனால், அதே புகையிரதத்தில் வந்த தபாற்பை நமுனுகுலைச் சரிவிலோ மடுல்சீமையிலோ உள்ள லயத்துக் காம்பிரா ஒன்றின் வாசலுக்குச் சென்றதில்லை. தோட்டத்துக் காரியாலயத்தோடு அதன் பயணம் முடிந்துவிட்டது.

மானிடப் பண்பியல், சமூக விஞ்ஞானம் ஆகிய துறைகளின் அறிமுகக் கற்கைநெறிகள் எவ்வெவ்வழிகளில் இத்தோட்டங்களை எட்டின, எவ்வெவ்விடங்களில் எட்டாது நின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இணையவழிக் கற்கைநெறிகள் பற்றி இன்று பெரிதும் பேசப்படுகின்றது. அவற்றை முற்றிலும் புதியனவாகக் கொள்வதினும், அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு முயற்சியின் அண்மைக்காலக் கட்டமாகக் கொள்வதே வரலாற்று நோக்குக்குப் பொருந்துவதாகும்.

1886ஆம் ஆண்டு தனி மாகாணமாக்கப்பட்ட ஊவாவில், கோப்பிச் செய்கை நோயினால் அழிந்தபின் தேயிலை வேரூன்றியது. பசறை, லுணுகலை, தெமோதரை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் தோட்டங்களிலே தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 8 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பதுளை மாவட்டக் குடித்தொகையில் ஏறத்தாழ 18 வீதத்தினர் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோராவர். இவர்தம் பிள்ளைகளின் கல்வி பற்றி அரசு முதன்முதலிற் சட்டமூலம் கவனஞ் செலுத்தியது 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்திலேயாகும். ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குச் சுயமொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது அது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இக்கடப்பாட்டை மீளவும் வலியுறுத்திற்று. சட்டம் கேட்டது மிகச் சிறிது; தோட்டம் கொடுத்தது அதனினும் சிறிது. பல வகுப்புகளுக்கு ஓராசிரியர், ஒரே மண்டபம் என்பதே பல தோட்டங்களின் நிலை. எழுதவும் வாசிக்கவும் தெரிந்த தொழிலாளி கணக்குப் புத்தகத்தையும் வாசிக்கத் தலைப்படுவான் என்ற அச்சம் துரைமாரிடையே இருந்தமை வியப்பன்று.

1945ஆம் ஆண்டில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இலங்கைக் கல்வி வரலாற்றில் இதனை ஒரு பெருந்திருப்பமென யாவரும் போற்றுவர். எனினும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகங்களின் கீழேயே விடப்பட்டமையால் அத்திருப்பத்தின் பயன் தோட்டங்களை உரியவாறு வந்தடையவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் இவை ஒதுக்கியே வைக்கப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, எழுபதுகளின் பிற்கூற்றில், தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கல்வி முறைமைக்குள் வந்தன. அதாவது, நாட்டின் ஏனைய பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு மேலாக நுகர்ந்துவந்த உரிமை, தோட்டப் பிள்ளைக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தாமதித்துக் கிடைத்தது. இத்தாமதத்தை மனங்கொள்ளாது அவர்தம் உயர்கல்விப் பங்கை வேறு சமூகங்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது.

அவ்வாறாயின், 1970களுக்கு முன் தோட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞன் வரலாறு, பொருளியல், அரசறிவியல் முதலிய துறைகளை எவ்வாறு அணுகினான்? ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பாடசாலை முடிந்துவிட, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கி பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் மேற்படிப்பைத் தொடர்ந்தோர் மிகச் சிலர். 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் அறுபதாம் ஆண்டளவில் கலைத்துறைப் பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கியமை ஒரு வாயிலைத் திறந்தது. அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்ட காலம் அது. அவ்வாயிலினூடாகப் பேராதனைக்குச் சென்ற மலையக மாணவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஏனையோர்க்கு எஞ்சியிருந்தது வெளிவாரிப் பரீட்சை. முன்னர் இலண்டன் பல்கலைக்கழகமும், அறுபதுகளில் இலங்கைப் பல்கலைக்கழகமும் அப்பரீட்சைகளுக்குத் தனிப்பட்ட மாணவரை அனுமதித்தன. அனுமதித்தன என்பதே பொருத்தமான சொல், கற்பிக்கவில்லை. பாடத்திட்டத்தை அனுப்பிவிட்டுப் பரீட்சை மண்டபத்தில் மாணவனை எதிர்பார்த்திருந்த முறை அது. நூலகம், விரிவுரை, வழிகாட்டும் ஆசிரியர் யாவற்றையும் மாணவனே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

இவ்விடத்திலேதான் தபாற்பையின் கதை முக்கியத்துவம் பெறுகின்றது. வெளிவாரிக் கல்வியின் உயிர்நாடி அஞ்சலாகும். விண்ணப்பப் படிவம், பரீட்சை அனுமதி அட்டை, பாடக்குறிப்பு, பெறுபேறு யாவும் கடித உறையினுள்ளேயே வந்தன. கோப்பிக் காலம் முதலே தோட்டத்துத் தபாலைச் சுமந்துவரவென ஒரு தொழிலாளி அமர்த்தப்பட்டிருந்தான். அவன் அருகிலுள்ள தபாற் கந்தோருக்கு நடந்து சென்று பையைப் பெற்றுவந்து காரியாலயத்தில் ஒப்படைப்பான். துரையின் கடிதங்கள் பங்களாவுக்குச் செல்லும். தொழிலாளரின் கடிதங்கள் கிளாக்கரின் மேசையிலோ கணக்கப்பிள்ளையின் கையிலோ தங்கி, எவரேனும் லயத்துப் பக்கம் செல்லும்போது கொண்டுபோகப்படும். லயங்களுக்குத் தனித்த இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. ஆளின் பெயர், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், இவை மூன்றுமே முகவரி. ஒரே பெயருடைய இருவர் ஒரே பிரிவில் இருந்துவிட்டால் கடிதம் யாருக்குரியது என்பதைக் கடிதத்தைத் திறந்து பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும்.

இந்நிலை குடியேற்ற ஆட்சியோடு முடிந்துபோனதன்று. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் உரிய நாள் கடந்தபின் கைக்குக் கிடைப்பது பற்றி மலையகத்தின் சிவில் அமைப்புகள் இந்த நூற்றாண்டிலும் குரலெழுப்பி வந்துள்ளன. முகவரி என்பது வெறும் தபால் வசதியன்று. ஒருவர் ஓர் அரசின் முன்னும் ஒரு நிறுவனத்தின் முன்னும் தாமாகவே, எவரது கையினூடாகவும் அன்றி, நிற்பதற்குரிய அடையாளமாகும் அது. தொலைக்கல்வியோ இந்த அடையாளத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தொடங்குகின்றது. பல்கலைக்கழகம் மாணவரை வீட்டிலே சென்று சந்திப்பதாகக் கூறுகின்றது. அவ்வீடு சட்டப்படி மாணவருடையதா, நிருவாகத்தினுடையதா என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்முகவரியின்மையை மேலும் ஆழமாக்கிற்று. நாடற்றவராக்கப்பட்ட ஒருவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. கலைத்துறைப் பட்டமோ, அக்கால இலங்கையிலே, ஆசிரியத் தொழிலையும் எழுதுவினைஞர் பதவியையும் நோக்கிய பாதையாகவே பெரிதும் கருதப்பட்டது. பாதையின் முடிவில் கதவு பூட்டப்பட்டிருக்கையில் அதன் தொடக்கத்தில் எத்தனை பேர் கால்வைப்பர்? 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் 1974ஆம் ஆண்டின் தொடர் ஒப்பந்தமும் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பின. படித்த குடும்பங்கள் பல இவ்வாறு பிரிந்தன. எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடனேயே சட்டரீதியாகத் தீர்வுற்றது. தோட்ட இளைஞர் கல்வியில் ஆர்வமற்றவர் என்று ஒரு காலத்திற் கூறப்பட்ட குற்றச்சாட்டை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும்.

இந்நிலையிலேதான் திறந்த பல்கலைக்கழகம் என்னும் கருத்து இலங்கைக்கு வந்தது. பிரித்தானியாவில் 1969ஆம் ஆண்டு பட்டயம் பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் 24,000க்கு மேற்பட்ட மாணவருடன் கற்பித்தலைத் தொடங்கியது. முன்தகைமை எதனையும் கேளாது மாணவரைச் சேர்த்துக்கொண்டமையே அதன் புதுமையெனப் பலர் கூறுவர். அதனினும் பெரிய புதுமை அதன் அடிப்படைக் கற்கைநெறிகளாகும். வாயிலைத் திறந்துவிட்டால் உள்ளே வருபவருக்கு முதற்படி வேண்டும் என்பதை உணர்ந்து, மானிடப் பண்பியல், சமூக விஞ்ஞானம், கணிதம், விஞ்ஞானம் ஆகிய நான்கிலும் அடிப்படைப் பாடங்களைத் தனிக் கவனத்துடன் அது ஆக்கியது. பாடசாலையை இடையில் விட்ட சுரங்கத் தொழிலாளியும் வீட்டுப் பெண்ணும் வாசித்து விளங்கத்தக்க நடையிலே, பேராசிரியர்கள் கூடியிருந்து எழுதிய பாடங்கள் அவை.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், 1980ஆம் ஆண்டில் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் அமைந்தது. முன்னிருந்த வெளிவாரிச் சேவைகள் முகவராண்மையும் தொலைக்கல்வி நிறுவகமும் அதனுள் இணைக்கப்பட்டன. அதன் தலைமையகம் நாவலையில் உள்ளது. காலப்போக்கிற் பல நகரங்களில் நிலையங்கள் எழுந்தன. பதுளையில் பிராந்திய நிலையமும் பண்டாரவளையில் கற்கை நிலையமும் அவ்வாறு அமைந்தவை. பதினெட்டு வயது நிரம்பிய எவரும் க.பொ.த. உயர்தரச் சான்றிதழ் இன்றியே அடிப்படைக் கற்கைநெறியிற் சேர்ந்து, அதனை நிறைவுசெய்து, பட்டக் கற்கைக்குச் செல்லலாம் என்னும் ஏற்பாடு ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை மிகப் பெரியதொன்று. உயர்தர வகுப்பே இல்லாத பாடசாலையிற் பயின்ற ஒரு பெண், கொழுந்து பறித்துக்கொண்டே பல்கலைக்கழக மாணவியாகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து. ஏனைய பல்கலைக்கழகங்களின் வெளிவாரிக் கலைப்பட்டமோ உயர்தரச் சித்தியைக் கேட்டு நின்றது. இவ்வேறுபாட்டை ஊவாவின் கல்வி வரலாற்றை எழுதுவோர் போதியளவு கவனத்திற் கொண்டாரல்லர்.

எனினும், வாயிலுக்கும் வகுப்புக்கும் இடையில் இருந்தது என்ன? அச்சிட்ட பாடநூல், தொடர் மதிப்பீடு, ஒப்படை, வார இறுதிநாள் வகுப்பு என்பனவே திறந்த பல்கலைக்கழக முறையின் உறுப்புகள். இவற்றுள் ஒப்படை என்பது உரிய திகதியில் எழுதி ஒப்படைக்கப்பட வேண்டியது. திருத்திய ஆசிரியரின் குறிப்புடன் மீண்டு வருவது. மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே நிகழும் உரையாடல் அதுவொன்றே. தபால் தாமதிக்கும் இடத்தில் அவ்வுரையாடல் அறுந்துபோகின்றது. வார இறுதி வகுப்புக்கு வருதற்கோ, மலையுச்சித் தோட்டப் பிரிவிலிருந்து பிரதான வீதிவரை நடந்து, அங்கிருந்து பேருந்தேறிப் பதுளைக்கு வரவேண்டும். ஒரு நாட்பேர் இழக்கப்படும் சந்தர்ப்பமும் உண்டு. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு நாட்பேர் என்பது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவிலே மேசைக்கும் விளக்குக்கும் இடம் தேடுவது வேறொரு பாடு.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் இவ்வழியைப் பற்றிக்கொண்டோர் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆசிரியர்களாயிருந்தமை தற்செயலன்று. எண்பதுகளிலே சுவீடன் அரசின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகள் விருத்தி செய்யப்பட்டபோது, தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். அவர்களுக்குப் பயிற்சியில்லை, அவர்களைப் பாடசாலையிலிருந்து அகற்றிப் பயிற்சிக்கு அனுப்பவும் இயலாது. எனவே பயிற்சியே தொலைக்கல்வி வடிவில் அவர்களைத் தேடி வந்தது. கல்வி உளவியல், கல்விச் சமூகவியல் என்னும் பெயர்களில் சமூக விஞ்ஞானத்தின் முதற்பாடங்கள் தோட்டங்களுக்குட் புகுந்தது இவ்வாறேயாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி எழுந்தபின்னரும் இந்நிலை முற்றாக மாறிவிடவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளின் 3,000க்கு மேற்பட்ட வெற்றிடங்களுக்கு ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் எடுக்கப்பட்டபோது, கற்பித்துக்கொண்டே கற்கும் அதே நிலை மீண்டும் தோன்றிற்று. முதல் நியமனம் பெற்ற ஆசிரியருக்குக் காரியாலயத்தில் ஓரளவு மதிப்பிருந்தது. பாடசாலையின் முகவரிக்கு அவர் தம் கடிதங்களை வரவழைக்கலாம். முகவரி உடையோரே தொலைக்கல்வியின் பயனைப் பெற்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதுளையிலே 2005ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கு பட்டப்படிப்புக்குரிய பாடமாயிற்று. மலைநாட்டுக்கு இது பொருத்தமானதே. ஆயினும் கலைப்பீடம் ஒன்றுடன் அது தொடங்கப்படவில்லை. கொழுந்தை ஆராய்வதற்குப் பதுளை போதும். கொழுந்து பறிப்பவரின் வரலாற்றைக் கற்பதற்குப் பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ செல்லவேண்டும் என்ற நிலை சற்று வேடிக்கையானதுதான். பல்கலைக்கழக அனுமதியிற் பதுளை கல்வியிற் பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்படுகின்றது. ஆனால், மாவட்டம் என்னும் அலகு நகரத்துப் பாடசாலையையும் தோட்டத்துப் பாடசாலையையும் வேறு பிரித்துப் பார்ப்பதில்லை.

இனி இணையத்தின் காலத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொலைக்கல்வி நவீனமயப்படுத்தற் கருத்திட்டம் தொடங்கப்பட்டது. தேசிய நிகழ்நிலைத் தொலைக்கல்விச் சேவை என்னும் பெயரில் நாட்டின் பல பாகங்களிலும் கணினி வசதிகொண்ட அணுகல் நிலையங்கள் நிறுவப்பட்டன. தபாற்பையின் இடத்தைக் கம்பி பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. தமிழகத்திலோ இதற்குச் சற்று முன்னரே, 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, வா. செ. குழந்தைசாமியின் தலைமையில் 2001 பெப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கிவைக்கப்பட்டது. சான்றிதழ்ப் பாடம் முதற்கொண்டு தமிழியலில் இளநிலைப் பட்டம் வரை தமிழிலேயே இணையவழி கற்பிக்க முற்பட்ட நிறுவனம் அது. பிற்காலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. கடல் கடந்த தமிழருக்கென எண்ணப்பட்ட அவ்வேற்பாடு, பாக்கு நீரிணைக்கு இப்பால் உள்ள பதுளைக்கும் உரியதாகலாம் என்பது வெளிப்படை. எனினும் அதன் பொருள் தமிழ் மொழியும் இலக்கியமும் பண்பாடுமே. பொருளியலும் சமூகவியலும் அதன் எல்லைக்குட் பெரிதும் அடங்கவில்லை.

அவ்வெல்லைக்கு அப்பால் நின்றவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பாரிய திறந்த நிகழ்நிலைக் கற்கைநெறிகள். 2012ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மிச்செல் டுனியர் ‘கோர்செரா’ தளத்தில் நடத்திய சமூகவியல் அறிமுகக் கற்கைநெறியில் 113 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 40,000 பேர் பதிவுசெய்தனர். கட்டணமில்லை, தகைமை கேட்கப்படவில்லை, முகவரியும் தேவையில்லை, ஒரு மின்னஞ்சல் போதும். கோட்பாட்டளவில் லுணுகலை மாணவரும் நியூயோர்க் மாணவரும் ஒரே வகுப்பில் அமரலாம். ஆயின், அடுத்த ஆண்டிலேயே டுனியர் அக்கற்கைநெறியை நிறுத்திக்கொண்டார். தம் பாடத்தை வேறு கல்லூரிகளுக்கு உரிமம் வழங்கிப் பயன்படுத்தினால், அதனையே சாட்டாகக் கொண்டு அரசுகள் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கும் நிதியைக் குறைக்கக்கூடும் என அவர் அஞ்சினார். அதே 2013ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சான் ஹோசே அரச பல்கலைக்கழக மெய்யியற்றுறையினர், ஹார்வர்டின் மைக்கேல் சாண்டலுடைய ‘நீதி’ என்னும் இணையப் பாடத்தைத் தம் வகுப்பிற் பயன்படுத்த மறுத்து அவருக்குத் திறந்த மடல் எழுதினர். வசதி படைத்த கல்லூரியில் ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் விவாதிக்க, வசதியற்ற கல்லூரியின் மாணவர் அவ்விவாதத்தைத் திரையிற் பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய நீதி என்பது அவர்தம் வினாவின் சாரம். இவ்வினா ஊவாவுக்கும் பொருந்துவதே. ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. சான் ஹோசே மாணவருக்கு மறுப்பதற்கேனும் ஒரு வகுப்பறை இருந்தது. பசறைத் தோட்டத்துப் பெண்ணுக்கு மாற்றாக நிற்கும் வகுப்பறை எது? ஆதலால் இணையப் பாடத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் அவளைப் பொறுத்தவரை பொறுப்பற்ற செயலேயாகும்.

2017ஆம் ஆண்டு இந்தியா ‘ஸ்வயம்’ என்னும் தளத்தைத் தொடங்கிற்று. வரலாறு, பொருளியல், மொழியியல் எனப் பல துறைகளின் அறிமுகப் பாடங்கள் அதில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. பொதுவாக இத்தகைய திறந்த கற்கைநெறிகளைத் தொடங்குவோரில் நிறைவுசெய்வோர் பத்து வீதத்துக்கும் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நிறைவுசெய்வோரும் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டம் பெற்றோரே. முதற்படியைத் தேடி வந்தவர் விழுந்துவிட, மாடியில் இருப்பவர் மேலும் ஒரு படி ஏறுகின்றார்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது இம்முறை முழுநாட்டின் மீதும் ஒருசேர வந்து கவிந்தது. பல்கலைக்கழக மாணவருக்கு நிகழ்நிலை வகுப்புகளையும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களையும் தரவுக் கட்டணமின்றி அணுக ஒழுங்கு செய்யப்பட்டது. இது பாராட்டுக்குரிய ஏற்பாடே. ஆனால், அலைவரிசை கிடைக்குமிடத்தில் மட்டுமே கட்டணவிலக்குக்குப் பொருளுண்டு. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகச் செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட செய்தியும் படங்களும் பலருக்கு நினைவிருக்கும். போஹிதியாவக் கிராமத்து மாணவரும் ஆசிரியையும் காட்டுவழியே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நடந்து மலையுச்சிக்குச் சென்று அலைவரிசை பெற்றனர். லுணுகலையிலோ, மலையுச்சி மரமொன்றில் சுமார் 30 அடி உயரத்தில் அமைந்த பரணில் மாணவர் முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றுக்கொண்டனர். அவர்கள் ஏறிய மரத்தைக் கண்டு உலகம் வியந்தது. வியப்பதற்கு என்ன இருந்தது? தபாற்பைக்காகக் காரியாலய வாசலில் நின்றவரின் பேரப்பிள்ளைகளும் அதே மலைகளிலேதான் இருந்தனர். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. வீட்டிலுள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி என்பதே பல குடும்பங்களின் நிலையாயிருந்த காலம் அது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது அக்கைத்தொலைபேசியும் பயனற்றதாயிற்று.

முகவரியின்மை இவ்வாறு அலைவரிசையின்மையாக உருமாறியமை ஒரு பக்கம். முதற்பாடத்தின் உள்ளடக்கம் மறுபக்கம். இதுவே ஆழ்ந்து சிந்திக்கப்பட வேண்டியதும், தொழில்நுட்பத்தாலன்றி ஆசிரியராலேயே தீர்க்கப்படக்கூடியதுமாகும். அறிமுகக் கற்கைநெறி ஒன்று மாணவரிடம் முதலில் நீட்டுவது உதாரணத்தைத்தான். சமூக வர்க்கம் என்றால் மான்செஸ்டர் ஆலை, அரசியற் பங்கேற்பு என்றால் ஏதென்சு நகரம், கடன் என்றால் ஐரோப்பிய வங்கி என்று அது தொடங்குமாயின், தமிழில் எழுதப்பட்டிருந்தாலும் அப்பாடம் மொழிபெயர்ப்பாகவே நிற்கும். ஊவாவின் மாணவருக்குக் கடனைக் கற்பிக்கத் துண்டு முறையைக் காட்டினால் என்ன? தொழிலாளியின் கடன் தொகை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்த முன்வந்த துரை, கங்காணியையும் அவன் கீழுள்ள ஆட்களையும் தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டான். கடன் ஏறியது, ஆட்கள் கைமாறினர். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிய இம்முறையில், ஊழியச் சந்தை, கடனடிமை, இடைத்தரகு என்னும் பொருளியற் கருத்துகள் யாவும் அடங்கியுள்ளன. பாட்டியிடம் கேட்ட கதையும் பாடநூலும் சந்திக்கும் இடம் அது. வாய்மொழி இலக்கியத்தைக் கற்பிப்போர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலிலிருந்து தொடங்கலாம்.

அரசறிவியலுக்கோ தூரம் செல்லவேண்டியதில்லை. 1940ஆம் ஆண்டில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையில் ஊவாத் தோட்டங்களிலே வேலைநிறுத்தங்கள் பரவின. வேவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தாமே தெரிவுசெய்த குழுவொன்றை அமைத்தனர். தோட்டத்துரை அக்குழுவைக் கலந்தே நடப்பதற்கு இணங்கினான். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதந் தாங்கிய பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். பிரதிநிதித்துவம் என்றால் என்ன, அதிகாரம் எதனால் நிலைபெறுகின்றது, சட்டபூர்வத் தன்மை யாரிடமிருந்து பிறக்கின்றது என்னும் வினாக்களை இதனினும் கூர்மையாக எழுப்பும் நிகழ்ச்சி இலங்கை வரலாற்றில் அரிது. வாக்குரிமை பறிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே இம்மக்கள் தேர்தலொன்றைத் தாமாக நடத்தியிருந்தனர் என்பதையும் அம்மாணவர் அங்கே கற்றுக்கொள்வர்.

இத்தகைய பாடம் எழுதப்படுமாயின் அதனை வாசிப்பதற்குரிய வீடும் மெல்ல மாறிவருகின்றது. இந்திய அரசின் உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களின் தோட்டங்களில் 4,000 தனி வீடுகளை அமைக்கும் திட்டம் 2016ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. வீடொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. 2017ஆம் ஆண்டு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. லயங்களின் தொகையோடு ஒப்பிடுகையில் இவை சிறியனவே. எனினும், சொந்தக் கதவும் சொந்த மேசையும் கடிதத்துக்கு ஓர் இலக்கமும் உள்ள வீட்டில் வளரும் முதற் தலைமுறை அங்கிருந்து தோன்றக்கூடும். அத்தலைமுறையின் கையிற் கொடுப்பதற்குத் தமிழிலே, மலையகத்தை அறிந்த ஆசிரியரால் எழுதப்பட்ட, அலைவரிசை அறுந்தாலும் அச்சில் வாசிக்கத்தக்க ஓர் அறிமுகக் கற்கைநெறியை ஆக்குவது பெரும் பணச்செலவை வேண்டும் காரியமன்று. பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களில் மலையகத்திலிருந்து வந்த விரிவுரையாளரும் மாணவரும் இன்று உள்ளனர். வேவெஸ்ஸத் தோட்டம் பதுளை நகரிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் அந்நகரிலேதான் இருக்கின்றது.